பில்ட் பச்சை, உள்ளே இருந்ததோ ஒன்பது நாள் பழைய ஜார்

கோடையெல்லாம் கம்பைல் செய்து பொட்டலம் கட்டுகிற ராத்திரி பில்ட் எங்களுக்குப் பதினொன்றரைக்கு ஓடும். காலையில் வந்ததும், பில்டைத் தானாக ஓட்டுகிற ஜென்கின்ஸைத் திறந்து நிறம் பார்ப்போம் (பச்சை வெற்றி, சிவப்பு தோல்வி), பச்சை என்றால் டெஸ்டர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஒரு நாள் டெஸ்டர் தங்கை ஒருவர் என் இடத்துக்கே வந்து, “அண்ணா, போன வாரமே சரி பண்ணிட்டதா சொன்ன பக் அப்படியே இருக்கு” என்றார். கோடில் திருத்தம் இருக்கிறது, பில்டும் பச்சை, பிறகு எப்படி? அவர் மெஷினில் பொட்டலத்தைப் பிரித்து, கம்பைல் ஆன ஜாவா கோட் இருக்கும் ஜார் கோப்பின் தேதியைப் பார்த்தேன். ஒன்பது நாள் பழசு.

காரணம் ஒரே ஒரு வரி. கம்பைல் ஓடும்போது லாக் திரையிலும் தெரிய வேண்டும், கோப்பிலும் சேர வேண்டும் என்று பைப் போட்டு, அதாவது ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுத்து, ‘டீ’ கமாண்டுக்கு அனுப்பியிருந்தோம். பைப்பில் கடைசியாக நிற்கிற கமாண்டின் எக்ஸிட் கோடைத்தான், அதாவது வெற்றியா தோல்வியா என்று முடியும்போது அது சொல்லும் எண்ணைத்தான், கமாண்டுகளை ஓட்டும் ஷெல் எடுத்துக்கொள்ளும். கம்பைலர் 1 சொல்லிவிட்டு விழுந்தாலும், டீ தன் வேலையை முடித்து 0 சொல்லிவிடும், 0 என்றால் வெற்றி. அடுத்த வரி, டார்கெட் ஃபோல்டரில் எந்த ஜார் கிடக்கிறதோ அதை எடுத்துப் பொட்டலம் கட்டும். புதிது உருவாகவே இல்லை, பழசு கிடந்தது, ஒன்பது ராத்திரியும் அதையே கட்டியிருக்கிறது. லாகை மேலே தள்ளிக்கொண்டே போனால் நாலாயிரம் வரிக்கு நடுவில் ‘கம்பைலேஷன் ஃபெயிலியர்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

பைப்பில் எந்தக் கமாண்ட் தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் ஆப்ஷன் போட்டால் தீரும் என்று போட்டேன், ‘இல்லீகல் ஆப்ஷன்’ என்று நின்றது. உபுண்டுவில் வெறும் எஸ்ஹெச் என்றால் பாஷ் என்ற ஷெல் கிடையாது, டாஷ் என்ற இன்னொரு ஷெல். எங்கள் மெஷினில் இருந்த டாஷுக்குப் பைப்ஃபெயில் தெரியாது. சரி என்று ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதினேன், அங்கேதான் அடுத்த பள்ளம். ஜென்கின்ஸ் தானாக ஷெல்லைக் கூப்பிடும்போது எக்ஸ், ஈ இரண்டு ஆப்ஷனையும் சேர்த்தே கூப்பிடும். ஈ இருந்தால் ஒரு கமாண்ட் தோற்ற இடத்திலேயே ஸ்கிரிப்ட் நிற்கும். முதல் வரியில் நாமே ஷெல்லைச் சொல்லிவிட்டால் அந்த ஈ வராது. ஆக, பைப்பைச் சரிசெய்யப் போய் மற்ற எல்லா வரிக்கும் இருந்த காவலை எடுத்துவிட்டேன், இரண்டு நாள் கழித்து டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் வேலை) தோற்றும் பச்சை வந்தபோதுதான் அது தெரிந்தது. இப்போது எங்கள் ஸ்கிரிப்ட் எதைத் திறந்தாலும் இரண்டாவது வரி ஈ, யூ (மதிப்பு வைக்காத மாறி வந்தால் நிறுத்தும்), பைப்ஃபெயில்தான். டார்கெட் ஃபோல்டரையும் முதல் வேலையாகக் காலி செய்கிறோம், பழைய ஜார் இருந்தால்தானே எடுக்கும்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள், எந்த வரியில் மாட்டியது என்பதோடு.

* * *

எனக்கு நடந்தது விண்டோஸில், ஆரம்பம் நேர் எதிர். எல்லாம் ஒழுங்காக ஓடியும் பில்ட் சிவப்பு. கோப்புகளை நகலெடுக்க ரோபோகாப்பி வைத்திருந்தோம். அதில் 0 என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை, 1 என்றால் நல்லபடியாக நகலெடுத்தாயிற்று, 8-ம் அதற்கு மேலும்தான் தோல்வி. பில்ட் சர்வருக்கு அது தெரியாதே, 0 இல்லாத எதுவும் அதற்குத் தோல்விதான். ரிலீஸுக்கு முந்தைய நாள் அவசரத்தில் ஒருவர் பேட்ச் கோப்பின் கடைசியில் ‘எக்ஸிட் 0’ என்று எழுதிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதற்கப்புறம் நெட்வொர்க் ஃபோல்டருக்கு அனுமதி போன நாளிலும் பில்ட் பச்சையாகவே வந்தது, வாடிக்கையாளருக்குப் போன செட்டப்பில் மொழிக் கோப்பு ஒன்றுகூட இல்லை. ‘இஃப் எரர்லெவல் 8’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அது 8-க்கு மேலே எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கும்.

* * *

நாங்கள் எக்ஸிட் கோடை நம்பாமல் லாகில் ‘எரர்’ என்ற சொல்லைத் தேடிச் சிவப்பாக்கினோம். முதல் நாளே ‘0 எரர்ஸ்’ என்ற வரிக்குச் சிவப்பு. அதை விலக்கினோம். அப்புறம் எரர் ஹேண்ட்லர் என்று பெயர் வைத்த ஒரு கோப்பு, அது வருகிற வரிகளையும் விலக்கினோம். கொஞ்ச நாளில் அந்தக் கோப்பிலேயே ஒரு கம்பைல் பிழை வந்தது, பிழைச் செய்தியில் கோப்பின் பெயர் இருந்ததால் அதையும் சேர்த்து விலக்கிவிட்டது. மறுபடி எக்ஸிட் கோடுக்கே வந்துவிட்டோம்.

* * *

ஈ போட்டும் ஏமாந்தவன் நான். ஃபங்ஷனுக்குள் ஒரு மாறியை ‘லோக்கல்’ என்று அறிவித்து அதே வரியில் ஒரு கமாண்டின் விடையை வாங்கினால், கமாண்ட் தோற்றாலும் மிஞ்சுவது லோக்கல் சொல்கிற 0. ‘எக்ஸ்போர்ட்’டும் அப்படித்தான். வெர்ஷன் எண்ணைக் கேட்ட கமாண்ட் விழுந்து, வெர்ஷனே இல்லாத பெயரோடு எங்கள் பொட்டலம் வெளியே போனது. அறிவிப்பை ஒரு வரியிலும் விடை வாங்குவதை அடுத்த வரியிலும் எழுதுங்கள், ஈ பிடித்துவிடும்.

* * *

முதலில் எழுதியவன்தான். லோக்கல் விஷயம் எனக்குத் தெரியாது, படித்ததும் எங்கள் ஸ்கிரிப்டுகளில் தேடினேன், ஆறு இடத்தில் இருக்கிறது, இன்றைக்கே பிரித்துவிடுகிறேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வேண்டுமென்றே தோற்கிற ஒரு சின்ன ஜாப் வைத்திருக்கிறோம். அசல் பில்ட் எந்த மெஷினில் எந்த ஷெல்லில் ஓடுகிறதோ, அங்கேயே அதற்கு முன்னால் ஓடும். பைப்புக்கு முன்னால் தோற்கும் ஒரு வரி, மைக்ரேஷன் தோற்பது போல ஒரு வரி, இவ்வளவுதான். இது சிவப்பாக வந்தால்தான் அசல் பில்ட் தொடங்கும். போன மாதம் பில்ட் மெஷினை மாற்றிய ராத்திரி அது பச்சையாக வந்தது, பன்னிரண்டு மணிக்கு என்னை எழுப்பினார்கள்.