மலேரியா தெரிந்த தாயும் தாமதிப்பது ஏன்?

கேள்வி: கொசுக்கடியால் மலேரியா வருவது தான்சானியக் கிராமத்துத் தாய்மார் பலருக்கும் தெரியும். பிறகும் காய்ச்சல் கண்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுவருவதில்லை?

பதில் 1: காரணம் தெரிந்தால் மட்டும் போதாதுங்க. காய்ச்சலோடு வலிப்பு வந்தால் அங்கே பலர் அதை ‘டெகெடெகெ’ என்ற தனி நோயாக, ஆவிக் கோளாறாகப் பார்க்கிறார்கள். ஊசி போட்டால் பிள்ளை இறந்துவிடும் என்ற பயம் வேறு. நாட்டு வைத்தியரிடம் போய் வருவதற்குள் மூளை மலேரியா முற்றிவிடும். சொல்லித்தர வேண்டியது கொசுவைப் பற்றியல்ல. வலிப்பும் மலேரியாவின் அறிகுறி என்பதை.

பதில் 2: மருந்திலும் கோட்டை விடுகிறார்கள். ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் என்ற மலேரியா மாத்திரை 3 நாளில் 6 வேளை. எடை 5 முதல் 15 கிலோவுக்குள் என்றால் வேளைக்கு 1 மாத்திரை, பாலோடு. ஒரு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கணும். காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அடுத்த பிள்ளைக்கு எடுத்துவைத்தால் கிருமி மறுபடி தலைதூக்கும்.

பதில் 3: பால் குடிக்காத, நினைவு தப்பிய பிள்ளைக்கு மாத்திரை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.