தார்ப்பாயின் நடுவே நீர் தேங்குகிறது: குளிர்காலத்துக்குப் படகை வெளியே வைக்க உதவி தேவை (அவசரம்)

கரையோரன்:
படகைக் கரையேற்றி வெளியே நிறுத்தியிருக்கிறேன். தார்ப்பாயை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஒரே மழைக்கு நடுவில் குழி விழுந்து குளம் கட்டிவிடுகிறது. வார இறுதியில் உறைபனி தொடங்குமாம். இன்னும் தடித்த பாய் வாங்குவதா, கயிற்றை மாற்றுவதா? சீக்கிரம் சொல்லுங்கள்.

துடுப்பு:
என்ன படகு? நீளம் எவ்வளவு? டிரெய்லரிலா, தாங்கிகளின் மேலா? என்ஜின் உள்ளேயா, வெளியேயா? இதில் ஒன்றையும் சொல்லாமல் சீக்கிரம் மட்டும் வேண்டும் என்றால் எப்படி?

ஈரக்காற்று:
பாயின் தடிமனில் ஒன்றும் இல்லை. காற்றோட்டம்தான் முக்கியம். முன்னும் பின்னும் திறப்பு விடுங்கள். மெத்தைகளையும் உயிர்காப்புச் சட்டைகளையும் எடுத்துவிடுங்கள். உள்ளே அடைபடும் ஈரம்தான் பூஞ்சைக்குக் காரணம்.

துடுப்பு:
அவர் கேட்டது மேலே தேங்கும் நீரைப் பற்றி.

ஈரக்காற்று:
மேலே தேங்கினால் உள்ளே ஈரம். எல்லாம் ஒன்றுதான்.

நங்கூரம்:
ஆண்டு தவறாமல் முதல் பனிக்கு முந்தைய வாரம் இந்தக் கேள்வி வந்துவிடும். பழைய பதில்களைத் தேடிப் படிக்கும் வழக்கம்தான் யாருக்கும் இல்லை. சரி, கணக்கைப் பாருங்கள்: 2 சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ. ஆழம் தேங்கினால் 200 கிலோ. எந்தக் கயிறும் அதைத் தட்டையாகப் பிடிக்காது. முன்முனையிலிருந்து பின்முனை வரை நடுவில் ஒரு நீண்ட சட்டத்தை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். பாய் அதன் இருபுறமும் கூரைபோல நல்ல சரிவாக இறங்க வேண்டும். சட்டத்தின் முனைகளிலும் மூலைகளிலும் துணி சுற்றுங்கள். இல்லையென்றால் காற்றில் பாய் அடித்து அடித்துக் கிழிந்துவிடும். இதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை.

கரையோரன்:
டிரெய்லர். 5.5 மீட்டர். ஃபைபர். என்ஜின் வெளியே.

சுக்கான்:
என்ஜினைச் சாய்த்துத் தூக்கி வைத்திருக்கிறீர்களா, நேராக இறக்கியிருக்கிறீர்களா? அடித்தள வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டீர்களா? கியர் எண்ணெயைப் பார்த்தீர்களா?

கரையோரன்:
தூக்கித்தான் இருக்கிறது, தரையில் இடிக்காமல் இருக்க. அடைப்பானைக் கழற்றினால் தண்ணீர் உள்ளே வராதா?

நங்கூரம்:
படகு நிற்பது தரையில்.

சுக்கான்:
விடுங்கள் ஐயா, பதற்றத்தில் கேட்கிறார். கரையோரன், அடைப்பானைக் கழற்றி, டிரெய்லரின் முன்பக்கத்தை நன்றாக உயர்த்துங்கள். பாய் கிழிந்தாலும் உள்ளே விழும் நீர் பின்பக்கமாக வடிந்துவிடும். அடைப்பானை சாவிக்கொத்தில் மாட்டி வையுங்கள். என்ஜினை நேராக இறக்குங்கள், அப்போதுதான் உள்ளிருக்கும் நீர் தானாக வடியும். தூக்கிய நிலையில் படகைத் தள்ளும் விசிறியின் நடுக்குழல் வழியாக மழைநீர் புகுந்து நிற்கும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும், என்ஜினின் வெளிக்கூடு விரிசல் விட அது போதும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அங்கும் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். உடனே எண்ணெயை மாற்றி, நீர் கசிந்த அடைப்பு வளையத்தையும் பாருங்கள்.

மின்கலம்:
பேட்டரியை யாருமே சொல்லவில்லையே! முழுதாக மின்னேற்றிய ஈய அமில பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும். தீர்ந்துபோனது மைனஸ் 10 டிகிரிக்கு அருகிலேயே உறைந்து வெடிக்கக்கூடும். இணைப்பைக் கழற்றுங்கள்.

பழைய மாலுமி:
எரிபொருள் தொட்டியை ஏறக்குறைய முழுதாக நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் ஈரம் கோக்கும்.

ஈரக்காற்று:
பிளாஸ்டிக் தொட்டியில் அது பெரிய சிக்கலே இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோலைக் குளிர்காலம் முழுதும் தேக்கி வைப்பதுதான் ஆபத்து. ஈரத்தை உறிஞ்சி அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். காலியாக்குங்கள்.

பழைய மாலுமி:
காலித் தொட்டியில் ஆவி நிற்கும். அது தீப்பற்றினால் என்ன ஆகும் தெரியுமா? பெட்ரோல் கெடாமல் நிலைப்படுத்தும் திரவத்தைக் கலந்து, நீர் இணைப்புக் கொடுத்து என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டினால் கார்புரேட்டர் வரை போய்விடும். வேலை முடிந்தது.

ஈரக்காற்று:
பிரிந்த பெட்ரோலை எந்தத் திரவமும் மீண்டும் சேர்க்காது.

பழைய மாலுமி:
பிரியும் முன் கலக்கச் சொன்னேன். படித்துவிட்டு எழுதுங்கள்.

அலைவாய்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பாய்மரப் படகு தாங்கிகளின் மேல் நிற்கிறது. தார்ப்பாய்க் கயிற்றைத் தாங்கிக் கால்களில் கட்டலாமா?

நங்கூரம்:
கூடாது. காற்று பாயைத் தூக்கும்போது தாங்கியையும் இழுத்துவிடும், படகு சாயும். கயிற்றைப் படகின் அடிவயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள், அல்லது பாயின் ஓரங்களில் நீர் நிரப்பிய புட்டிகளைத் தொங்கவிடுங்கள். எதிரெதிர்த் தாங்கிகளைச் சங்கிலியால் பிணைப்பதும் கட்டாயம். இதற்குத் தனிப் பதிவு தொடங்கியிருக்கலாம்.

துடுப்பு:
கரையோரன், என்ன ஆயிற்று?

கரையோரன்:
சட்டம் வைத்தாகிவிட்டது. நேற்றைய மழை வழிந்து ஓடிவிட்டது. அடைப்பானைக் கழற்றியதும் உள்ளிருந்து நிறையத் தண்ணீர் வந்தது. என்ஜினை இறக்கிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

சுக்கான்:
மகிழ்ச்சி. கியர் எண்ணெயின் நிறம்?

பழைய மாலுமி:
தொட்டியை நிரப்பினீர்களா?

சுக்கான்:
கரையோரன்? நாளை இரவு உறைபனி என்றீர்கள். எண்ணெயை இன்றே பாருங்கள்.