கருத்துக் கட்டுரையின் முதல் வரியில் குறள் எதற்கு?

மாலை வகுப்பு ஆசிரியை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து என் வகுப்புக்கு வரும் படிவம் ஐந்து (இடைநிலைப்பள்ளி ஐந்தாம் ஆண்டு) மாணவர்களுக்கு, “தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளை நகருக்கு இடம் மாற்றுவது சரியா?” என்ற தலைப்பில் கருத்துக் கட்டுரை எழுதச் சொன்னேன். கைக்கு வந்த தாள்களில் பெரும்பாலானவை “கற்க கசடற” என்றுதான் தொடங்கின. பள்ளியை இடம் மாற்றுவதற்கும் கசடறக் கற்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், முன்னுரையில் குறள் இருந்தாக வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களாம். இனி என் வகுப்பில் முதல் வரியில் குறளோ பழமொழியோ வந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். முதல் வரியில் மாணவர் தம் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். சொந்தக் கருத்து இல்லாதவர்தாம் வள்ளுவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மையாரின் பதிவைப் படித்தபோது முதலில் சிரிப்பும் பிறகு வேதனையும் வந்தன. வள்ளுவரின் முதுகு என்று எழுதுவதற்கு எப்படித்தான் மனம் வந்ததோ தெரியவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் குறளை மனப்பாடம் செய்த தலைமுறைதான் இந்த ஊரில் ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் வந்தது என்பதை, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு கடைவீட்டு மாடியில் வகுப்பு நடத்துபவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. “ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே” என்பது நன்னூல். பாயிரம் என்னும் முன்னுரை இல்லாத நூலையே நூலென்று ஏற்காத மரபில் வந்த நாம், பதினேழு வயதுப் பிள்ளையின் கட்டுரைக்கு வாசற்படியே வேண்டாம் என்று சொல்லலாமா?

முதல் வரியில் குறள் இருக்க வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

லோரி ஓட்டும் அப்பா

ஐயா, டீச்சர், இருவருக்கும் வணக்கம். என் மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். பள்ளியில் தமிழ் வகுப்பு மற்றப் பாடங்கள் எல்லாம் முடிந்த பிறகு பசி நேரத்தில் நடக்கிறது. பதினைந்து பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இருப்பதை அறிந்து, நாங்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கித்தான் அந்த வகுப்பே கிடைத்தது. அங்கே ஒருவர் குறளை எழுது என்கிறார், மாலையில் இன்னொருவர் அதை அடிக்கிறார். பிள்ளை எதை எழுதுவது என்று யாராவது ஒருவர் முடிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பல்கலைக்கழக மாணவன்

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. நாம் பேசுவது கருத்து விளக்கக் கட்டுரையைப் பற்றியா, வாதக் கட்டுரையைப் பற்றியா, விவாதக் கட்டுரையைப் பற்றியா? ஒரு பக்கம் நின்று வாதிடுவது வேறு, இரு பக்கத்தையும் எடுத்துக்காட்டி முடிவுக்கு வருவது வேறு. வகைக்கு ஏற்ப முன்னுரையும் மாறும் அல்லவா? இதைத் தெளிவுபடுத்திக்கொண்டு மேலே பேசலாமே.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தம்பி, எந்த வகைக் கட்டுரையானாலும் முதல் வரியில் குறள் இருக்க வேண்டும்.

மாலை வகுப்பு ஆசிரியை

நன்னூலைத் தலைமையாசிரியர் ஐயா பாதியில் மூடிவிட்டார் போலிருக்கிறது. அதே நூலின் பாயிரத்தில்தான் பவணந்தி முனிவர் எழுவகை மதத்தையும், அதாவது கருத்தை நிறுத்தும் ஏழு வழிகளையும் சொல்கிறார். உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுதல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலில் குற்றம் காட்டுதல், பிறரோடு ஒட்டாமல் தன் கருத்தைக் கொள்ளுதல் என ஏழு. கருத்துக் கட்டுரை எழுதப் பழகும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறு எங்கே இருக்கிறது? இந்த ஏழில் எங்கேயாவது “முதல் வரியில் இரவல் வாங்குக” என்று இருக்கிறதா?

ஒரு மாணவி எழுதியதைக் கீழே தருகிறேன். இது அவள் கட்டுரையின் மூன்றாம் பத்தி.

“எங்கள் தோட்டத்துப் பள்ளி நகருக்குப் போனபோது என் தம்பி இரண்டாம் ஆண்டில் இருந்தான். மூன்று தோட்டங்களைச் சுற்றி வரும் வேன் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அம்மா இரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் நேரமும் அதுதான் என்பதால், தம்பிக்குப் பசியாற ரொட்டியை நெகிழிப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். அவன் அதை வேனில் தூங்கிக்கொண்டே சாப்பிடுவான். புதிய பள்ளியில் கணினி அறை இருக்கிறது. ஆனால் அவனுக்கு முதல் இரண்டு பாடங்கள் காதில் விழுவதில்லை.”

நெகிழிப் பை ரொட்டியை எழுதத் தெரிந்த பிள்ளை, முதல் பத்தியில் “கற்க கசடற” என்று எழுதிவிட்டுப் பள்ளியை மாற்றலாமா கூடாதா என்பதைக் கடைசிப் பத்திவரை சொல்லவே இல்லை. நல்ல சான்று மூன்றாம் பத்தியில் கிடக்க, அது எதற்குச் சான்று என்று படிப்பவருக்குத் தெரியவில்லை. என் கோபம் அதன் மேல்தான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பத்தி நன்றாகவே இருக்கிறது. குறளில் தொடங்கியதால்தான் அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு பத்தி வாய்த்தது என்று நான் சொல்வேன்.

தொடர்பில்லாத குறளை எழுதியது பிள்ளையின் குற்றமே தவிரக் குறளின் குற்றமன்று. கருத்துக் கட்டுரைக்கென்றே ஒரு குறள் இருக்கிறது: “எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு”, குறள் 355. எந்தத் தலைப்பு வந்தாலும் இந்தக் குறளை முதல் வரியில் எழுதிவிட்டால் முன்னுரை நின்றுவிடும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வும் போயிற்று. ஆகவே இன்றைய படிவம் ஐந்து பிள்ளைகள் பொதுத்தேர்வு மண்டபம் எப்படி இருக்கும் என்றே அறியாமல் நேரே படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகிறார்கள். கை நடுங்கும் முதல் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு கொம்பு வேண்டாமா? முதல் வரியில் குறள் என்பது அந்தக் கொம்பு. தேர்வுத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், எவ்வளவு தாள்களைத் திருத்தினாலும் தொடக்கத்தில் ஒரு குறளைக் கண்டால் திருத்துபவரின் மனம் இளகும்.

கிராணி மகன்

ஐயாவின் மனம் இளகும் என்பது எனக்குப் புதிய செய்தி. பள்ளி நாளில் தோட்டங்களுக்கு இடையில் நடந்த கட்டுரைப் போட்டியில் தோட்டத் துண்டாடலைப் பற்றி எழுதினேன். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனதையும், 1960இல் துன் சம்பந்தன் அத்தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதையும், என் தாத்தா பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டியதையும் எழுதியிருந்தேன். முதல் பரிசு, மூன்று குறளும் இரண்டு பழமொழியும் எழுதிய பையனுக்குக் கிடைத்தது. நடுவர் யார் என்று இங்கே எழுதுவது நாகரிகமன்று, ஐயாவுக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அந்தக் கட்டுரையில் மூன்று இடத்தில் ஒற்றுப்பிழை இருந்தது. எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

மாலை வகுப்பு ஆசிரியை

ஒற்றுப்பிழையை இத்தனை காலம் நினைவில் வைத்திருக்கும் ஐயாவுக்குக் குறள் எண் மட்டும் நினைவில் நிற்கவில்லை. “எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்” என்பது அறிவுடைமை அதிகாரத்தில் வரும் 423ஆம் குறள். 355ஆம் குறள் மெய்யுணர்தலில் வருகிறது; அது “எப்பொருள் எத்தன்மைத் தாயினும்” என்று தொடங்கும். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் என்று எல்லாத் தாளிலும் ஒன்றையே எழுதச் சொல்லிப் பழக்கினால், கடைசியில் சொல்லிக்கொடுப்பவருக்கே எது எது என்று தெரியாமல் போகும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

எண் கணக்கருக்கு, பொருள் அறிஞருக்கு. 355 ஆனாலும் 423 ஆனாலும் இரண்டின் ஈற்றடியும் ஒன்றே, இரண்டையும் எழுதியவரும் ஒருவரே. நான் கேட்டது ஒன்றுதான்: முதல் வரியில் குறள் இருந்தால் என்ன கெட்டுப்போகும்? அதற்கு மட்டும் அம்மையார் பதில் சொல்லவில்லை.

பல்கலைக்கழக மாணவன்

அந்தக் குறளின் பொருளே, யார் சொன்னாலும் சொன்னவரைப் பார்த்து ஏற்காமல் உண்மையை ஆராய வேண்டும் என்பதுதானே? அப்படியென்றால் வள்ளுவர் சொன்னார் என்பதை மட்டுமே காரணமாகக் காட்டுவது அந்தக் குறளுக்கே எதிராகாதா? மேலும், கட்டுரை வகையைப் பற்றி நான் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

வகை வகை என்று திரும்பத் திரும்பக் கேட்கும் தம்பி, சோறு கொதிக்கும்போது அரிசியின் சாதி கேட்பவரைப் போல இருக்கிறார்.

எனக்குச் சான்றின் அருமை தெரியாது என்று இங்கே சிலர் நினைப்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். பள்ளி இடமாற்றத்தைப் பற்றி எழுதும் மாணவன் முதலில் தோட்டத்துப் பள்ளி ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித்தான் பால் கொட்டகை ஓரத்திலும் கோயில் மண்டபத்திலும் பள்ளிகள் முளைத்தன. விடுதலை பெற்ற ஆண்டில் 800க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேல்தான் இருக்கின்றன. இரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். ஆள் தேவை குறைந்தது, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் பட்டணம் போனார்கள், 150க்கும் குறைந்த பிள்ளைகளோடு நிற்கும் பள்ளி ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று பெயர் வாங்கியது. இவ்வளவையும் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் இரண்டாம் பத்தியிலிருந்து எழுத வேண்டும்.

கிராணி மகன்

அந்தச் சட்டம் 1923ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்றுதான் நான் படித்திருக்கிறேன். ஐயாவின் எண்கள் இன்று ஒன்றும் சரியாக இல்லை.

மாலை வகுப்பு ஆசிரியை

கிராணி மகன் அண்ணே, 1912இல் வந்ததை 1923ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் வலியுறுத்தியது. இதில் ஐயா சொன்னது சரிதான். ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. இத்தனை செய்தியைக் கையில் வைத்திருப்பவர் கடைசிவரை பள்ளியை மாற்றலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் பதிவைப் படித்தபோது என் மாணவர்களின் தாள்களையே படிப்பது போலிருந்தது. பிள்ளை குறைந்த பள்ளி மூடப்பட்டு உரிமம் போவதைவிட இடம் மாறிப் பிழைத்திருப்பது மேல் என்று ஒருவர் எழுதலாம். வேனிலேயே தூங்கும் பிள்ளையைக் காட்டி இன்னொருவர் அதை மறுக்கலாம். எதிர்த் தரப்பின் வலுவான காரணத்தை எடுத்துவைத்து அதற்கு விடை சொல்லும் பத்திதான் கருத்துக் கட்டுரையின் உயிர். அந்தப் பத்தியை எழுதப் பழக்கத்தான் நேரம் வேண்டும். அதை விட்டுவிட்டு, இருக்கும் ஒரு மணி நேரத்தில் எந்தத் தலைப்புக்கு எந்தக் குறள் என்று பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நான் சொன்னது சரி என்று அம்மையாரே எழுதிவிட்டார். இதை அனைவரும் படம் பிடித்து வைத்துக்கொள்ளவும்.

மாலை வகுப்பு ஆசிரியை

ஆண்டு சரி என்று எழுதினேன். குறளைப் பற்றி எழுதவில்லை.

லோரி ஓட்டும் அப்பா

ஐயா, டீச்சர், மன்னிக்கவும். மகளுக்கு நாளை மறுநாள் மாதிரித் தேர்வு. “கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவர அனுமதிக்கலாமா?” என்பது தலைப்பாக வரலாமாம். அதற்கு முதல் வரியில் என்ன எழுதச் சொல்லட்டும்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

“எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்.” எண் போட வேண்டாம்.

மாலை வகுப்பு ஆசிரியை

அண்ணே, அனுமதிக்கலாமா கூடாதா என்று முதலில் மகளையே கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை ஒரே வாக்கியமாக முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். ஏன் அப்படி நினைக்கிறாள் என்பதற்குத் தன் வகுப்பறையில் கண்ட ஒன்றை இரண்டாம் பத்தியில் எழுதட்டும். பாடம் நடக்கும்போது விளையாடுவார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வார்களே, அதற்கு அவளுடைய விடை மூன்றாம் பத்தியில் வரட்டும்.

கிராணி மகன்

தேர்வுத் தாளைத் திருத்தப்போவது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுவது இன்னும் பாதுகாப்பு. எனக்கு அந்த அனுபவம் உண்டு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

போட்டியில் தோற்றவர்கள் நடுவரைக் குறை சொல்வது புதிதன்று. நிலநிதிச் சங்கத்தைப் பற்றி எழுதியவர், முதல் வரியில் “பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே பரிசு கிடைத்திருக்கும். கூட்டுறவுக்கு அதைவிடப் பொருத்தமான குறள் உண்டா?

கிராணி மகன்

அப்படியானால் நடுவர் தாங்கள்தாம் என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

மாலை வகுப்பு ஆசிரியை

சனிக்கிழமை பத்து மணிக்கு என் வகுப்பில் மாணவர்களின் கட்டுரைகள் கட்டாக இருக்கும். ஐயா வரட்டும். முதல் பத்தியை மடித்துவைத்து மற்றதை மட்டும் இருவரும் தனித்தனியே திருத்துவோம். குறள் எழுதியவர் யார், எழுதாதவர் யார் என்று தாளைப் பார்த்து ஐயாவால் கண்டுபிடிக்க முடிகிறதா பார்ப்போம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

முன்னுரையை மடித்துவைத்த தாளை நான் கையால் தொடுவதில்லை. தவிர, சனிக்கிழமை எனக்குக் கோயில் கூட்டம் இருக்கிறது.

பல்கலைக்கழக மாணவன்

கருத்து விளக்கமா, வாதமா, விவாதமா என்பதை யாராவது சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

முதல் வரியில் குறள், தம்பி.