எல்டர்பெர்ரி: வளர்ப்பது சுலபம், வெட்டுவதில்தான் விஷயம்

கொத்துக் கொத்தாகச் சிறு கறுப்புப் பழம் காய்க்கும் புதர்ச் செடியான எல்டர்பெர்ரி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது மண்ணையும் உரத்தையும் பற்றித்தான். நான் ஒன்டாரியோவில், டொராண்டோவுக்குக் கிழக்கே, ஒரு சாதாரண வீட்டுப் பின்வளவில் இதை வளர்க்கிறேன். இது இந்த ஊர்ச் செடி. நகரத்தைத் தாண்டினால் சாலையோரப் பள்ளங்களில் யாரும் வைக்காமலே நிற்கும். அதனால் வளருமோ என்ற கவலையே வேண்டாம். வேர் ஆழமாகப் போகாது என்பதை மட்டும் நினைவில் வைத்து, ஜூலை வெயிலில் மண் காயாமல் மரச்சீவல் மூடாக்குப் போட்டுவிடுங்கள். களையைக் கொத்தாமல் கையால் பிடுங்குங்கள். அவ்வளவுதான்.

பலரும் தயங்குவது வெட்டுவதற்குத்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் வேரிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பி, ஒரே கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். முதல் ஆண்டுத் தண்டில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் ஆண்டில் அது பக்கக் கிளை விடும்; கொத்துக் கொத்தாகப் பழம் வருவது அந்தக் கிளைகளில்தான். மூன்றாம் ஆண்டும் பரவாயில்லை. அதற்குப் பிறகு தண்டு சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், பனியில் பட்டுப்போகும். ஆகவே மார்ச்சில், மொட்டு விரிவதற்கு முன்னால், பட்டை சொரசொரத்த கிழத் தண்டுகளைத் தரையோடு வெட்டிவிடுவேன். தண்டுக்குள் துளை போடும் பூச்சியும் பெரும்பாலும் அதோடு போய்விடும். கருநீலத்தில் மஞ்சள் பட்டை போட்ட அழகான வண்டு ஒன்று பூவில் உட்கார்ந்திருக்கும். அதன் புழுதான் தண்டின் அடியைக் குடைவது.

முதல் தடவை வெட்டியபோது பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, நல்லா நிண்ட மரத்தை இப்பிடி வெட்டிப் போட்டீங்கள்?" என்றார். "பாருங்கோ அன்ரி, ஆடி மாசம் திரும்ப உங்கட வேலிக்கு மேலால நிக்கும்" என்றேன். நின்றது. அடுத்த மார்ச்சில் அவரே குச்சி கேட்டு வந்தார். கிழத் தண்டு குச்சிக்கு உதவாது; போன கோடையில் வந்த தண்டில் ஓரடி நீளத்துக்கு, இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டி, மேல் கணு மட்டும் வெளியே தெரிய ஈர மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும்.

ஆனால் ஒரே செடியின் குச்சிகளிலிருந்து பத்துச் செடி உண்டாக்கினாலும் அவையெல்லாம் ஒரே செடிதான், மகரந்தச் சேர்க்கைக்கு ஒன்றுக்கொன்று பெரிதாக உதவாது. தனியாக நின்றாலும் கொஞ்சம் காய்க்கும். 60 அடிக்குள் வேறு ரகம் ஒன்று இருந்தால் காய்ப்பே வேறு. என்னிடம் இருப்பவை நோவாவும் யார்க்கும். நோவா, நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. யார்க், நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவில் உருவாகி 1964இல் வெளிவந்தது. பழம் சற்றுப் பெரிது.

பறவைகளோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் சீடர் வாக்ஸ்விங் என்ற பறவைகள் கூட்டமாக வந்து இறங்கினால், காலையில் கறுத்திருந்த கொத்து மாலையில் வெறும் காம்பாக நிற்கும். கைக்கு எட்டும் கொத்துகளுக்கு மட்டும் சிறிய துணிப்பை கட்டுகிறேன். உச்சியில் இருப்பது அவற்றுக்கு. பெரிய கண் வலை வேண்டாம், குஞ்சுகள் மாட்டிக்கொள்ளும்.

இனி முக்கியமானது. பச்சையாகச் சாப்பிடாதீர்கள். இலை, தண்டு, காய், விதை எல்லாவற்றிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரே பகுதியில் ஒரு கூட்டத்துக்கு வந்தவர்கள், காட்டு எல்டர்பெர்ரியை இலை, கிளையோடு நசுக்கிப் பிழிந்த சாற்றைக் குடித்தார்கள். சற்று நேரத்தில் வாந்தி. எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். "இயற்கைதானே, என்ன செய்யும்" என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

சாலையோரத்தில் பறிப்பவர்கள் இன்னும் கவனம். அதே ஈரப் பள்ளத்தில் உயிரைக் கொல்லும் வாட்டர் ஹெம்லாக் என்ற நச்சுச் செடியும் எல்டரைப் போலவே வெள்ளைப் பூவோடு நிற்கும். எல்டரின் இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கும், ஹெம்லாக்கில் மாறி மாறி வரும். எல்டரின் தண்டு மரம்போலத் தடித்துப் புள்ளி போட்டிருக்கும். சந்தேகம் வந்தால் தொடாமல் வந்துவிடுங்கள்.

பழத்தைக் காம்பிலிருந்து எடுப்பது சலிப்பான வேலை. கொத்தோடு பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்ததும் குலுக்கினால் பொலபொலவென்று உதிரும். காம்புத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து வடித்துச் சர்க்கரை சேர்த்தால் சிரப் தயார். இதில் புளிப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு. புளிப்புக் குறைந்தால் கிருமி வளரலாம், அதனால் போத்தலில் அடைத்து அலமாரியில் வைப்பதில்லை. ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டி எடுத்து வெந்நீரில் போடுகிறேன். எலுமிச்சை பிழிந்தால் ருசி எடுப்பாக இருக்கும்.