மாய வலியா, இல்லுறுப்பு வலியா?

வணக்கம்.

ஆங்கிலத்தில் 'phantom limb pain' என்பதற்குத் தமிழில் வந்த 'மாய உறுப்பு வலி' என்ற பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த ஒருவர், சில மாதம் கழித்தும் அந்தக் காலின் கட்டைவிரல் எரிகிறது, பாதம் முறுக்கிக்கொள்கிறது என்கிறார். அவரிடம் போய் "இது மாய வலி" என்றால், நம்மை நம்பவில்லை போலிருக்கிறது என்று அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். இல்லாதது உறுப்புதான். வலி உண்டு. 1871இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்களைக் கவனித்த மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் வைத்த ஆங்கிலப் பெயரில் பேய் (phantom) இருக்கிறது. அதை நாமும் சுமக்க வேண்டுமா?

'இழந்த உறுப்பு வலி' பரவாயில்லை. ஆனால் பிறவியிலேயே கையில்லாத சிலருக்கும் கை இருப்பதுபோன்ற உணர்வு உண்டு. அவர்கள் எதையும் இழக்கவில்லையே.

என் பரிந்துரை: இல்லுறுப்பு. பள்ளியில் படித்த இல்பொருள் உவமையில் வரும் அதே 'இல்'. வீடு என்றும் பொருள் வருமே என்று கேட்கலாம். 'இல்லுறுப்பு வலி' என்று சேர்த்துப் படிக்கும்போது அந்தக் குழப்பம் வராது. "இல்லாத காலு வலிக்குது டாக்டர்" என்ற பேச்சுக்கும் இது பக்கத்தில் நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கை போனாலும் மூளையில் கைக்கான இடம் போவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டபோது, இல்லாத கட்டைவிரலிலும் தொடுகை தெரிந்தது. மூளையின் உடல் வரைபடத்தில் முகமும் கையும் அண்டைவீடுகள். இறுக மூடி நகம் பதியும் இல்லுறுப்புக் கையோடு தவித்தவர்களுக்கு அவர் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி நிறுத்திய ஒரு பெட்டியை வைத்தார். நல்ல கையின் பிம்பம் விரிவதைப் பார்த்ததும் சிலருக்கு அந்தப் பிடி தளர்ந்தது. எல்லோருக்கும் பலிக்கவில்லை. ஆனாலும் இதை 'மாயம்' என்ற சொல்லில் எப்படி அடக்குவது?

சரி, கூடவே சில சொற்கள். வலியில்லாமல் அரிப்பு, சூடு, அசைவு மட்டும் தெரிந்தால் இல்லுறுப்பு உணர்வு. வெட்டிய இடத்திலேயே வலித்தால் எஞ்சுறுப்பு வலி. நரம்பு முனையில் விழும் முடிச்சும் இதற்குக் காரணமாகலாம். மருத்துவமும் வேறுபடும் என்பதால் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிடக் கூடாது.

இல்லாத கை நாளடைவில் குறுகி, உள்ளங்கை மட்டும் தோளோடு ஒட்டியிருப்பதாகத் தோன்றுவதற்கு 'உள்ளொடுங்கல்' என்று நினைக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.