வரிக்காக அமெரிக்கக் குடியுரிமையை விடலாமா?

தேக்காவாசி:
டெக்சாஸில் பதினான்கு ஆண்டுகள் இருந்து குடியுரிமை வாங்கினேன். சிங்கப்பூர் வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) கிடைத்துவிட்டது. வேலை, வீடு, வரி எல்லாம் இங்கேதான். ஆனாலும் அமெரிக்கக் குடிமகன் என்பதால் வருடா வருடம் அமெரிக்காவுக்கும் வரிக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு வரை விலக்கு உண்டு (2024-க்கு 1,26,500 டாலர்). ஆனால் பங்கு விற்று லாபம் வந்தால், இங்கே வரி இல்லை, அங்கே உண்டு. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிக்கொண்டு அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இங்கே இரட்டைக் குடியுரிமையும் கிடையாது. மனைவிக்குச் சம்மதம். அண்ணன் மட்டும் "உண்ட வீட்டுக்கு இரண்டகம்" என்கிறார்.

டாலஸ் பெரிசு:
தம்பி, நான் உங்கள் அண்ணன் கட்சி. இந்தச் சட்டம் நேற்று வந்ததா? அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே தொடங்கியது. மெக்சிகோ சிட்டியில் குடியிருந்த குக் என்பவர் வழக்குப் போட, குடிமகன் எங்கே இருந்தாலும் வரி கேட்கலாம் என்று 1924-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதெல்லாம் இருக்கும்போதுதான் நாம் கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தோம். கிரீன் கார்டுக்குக் காத்திருந்தபோது இனித்தது, இப்போது கசக்கிறதோ?

ஃபேஸ்புக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வர்டோ சவெரினும் உங்கள் ஊருக்குத்தான் வந்தார். பிரேசிலில் பிறந்தவர், அமெரிக்காவில் படித்து, அங்கே தொடங்கிய கம்பெனியில் கோடீஸ்வரர் ஆனவர். 2011-இல் குடியுரிமையை விட்டார். 2012 மே மாதம் ஃபேஸ்புக் பங்கு சந்தைக்கு வந்தது. நாள் பார்த்துத்தான் போயிருக்கிறார்.

ஜூரிச் மாமி:
எல்லாரையும் சவெரின் கணக்கில் சேர்க்காதீர்கள். என் பெண் நியூஜெர்சியில் பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயதில் இங்கே சுவிட்சர்லாந்துக்கு வந்துவிட்டோம். வேலைக்குப் போனதும் சம்பளக் கணக்கு தொடங்கப் போனாள். பிறந்த ஊரைப் பார்த்ததும் வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். 2010-இல் வந்த ஃபாட்கா சட்டத்தால் வந்த வினை. அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை அனுப்பாத வெளிநாட்டு வங்கிக்கு, அமெரிக்காவிலிருந்து வரும் பணத்தில் 30 சதவீதம் பிடிப்பார்கள். எதற்கு வம்பு என்று ஆளையே ஒதுக்கிவிடுகிறார்கள்.

அவள் கட்ட வேண்டிய அமெரிக்க வரி பூஜ்யம், ஏனென்றால் இங்கே கட்டுவதே அதைவிட அதிகம். அந்தப் பூஜ்யத்தை எழுதிக் கொடுக்க வருடா வருடம் ஆடிட்டருக்கு அழ வேண்டும். கடைசியில் 2,350 டாலர் கட்டணம் கட்டித் தூதரகத்தில் குடியுரிமையை விட்டுவிட்டு வந்தாள். துரோகி என்று அவளைச் சொல்வீர்களா?

போரிஸ் ஜான்சன் கதை தெரியும்தானே? நியூயார்க்கில் பிறந்து ஐந்து வயதில் கிளம்பியவர். லண்டனில் தான் குடியிருந்த வீட்டை விற்றார். பிரிட்டனில் அதற்கு வரி இல்லை, அமெரிக்கா கேட்டது. முறைத்துப் பார்த்து, கட்டிவிட்டு, 2016-இல் விட்டுவிட்டார். நம் இந்தியாவில் 182 நாள் கணக்கு பார்த்து, ஊரில் இல்லாதவனின் வெளிநாட்டுச் சம்பளத்தை விட்டுவிடுகிறார்கள். குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு கேட்பது அமெரிக்காவும் எரித்ரியாவும்தான். எரித்ரியாகூட 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறது!

டாலஸ் பெரிசு:
மாமி, உங்கள் பெண்ணுக்குப் பிறப்பில் ஒட்டிக்கொண்டது. இவர் கேட்டு வாங்கியவர். இரண்டும் ஒன்றா?

கணக்குப்பிள்ளை:
இதே வேலையில் இருபது ஆண்டாகக் குப்பை கொட்டுகிறேன், அதனால் சொல்கிறேன். "விட்டால் வரி போச்சு" என்பதே அரைகுறை. 2008 ஜூனுக்குப் பிறகு விடுபவர்களுக்கு வெளியேற்ற வரி உண்டு. சொத்து 20 லட்சம் டாலரைத் தொட்டால், விடுவதற்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் விற்றதாகப் பாவித்து லாபத்துக்கு வரி. அந்த லாபத்தில் 2024-க்கு 8,66,000 டாலர் வரை தள்ளுபடி. நீண்ட நாள் கிரீன் கார்டு வைத்திருந்தவர்களுக்கும் இதே விதிதான்.

சவெரின் வாசலில் ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது. பெரிசு சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை: அது அன்றைய மதிப்புக்குத்தான். பிறகு பங்கு ஏறியதெல்லாம் அமெரிக்கா கைக்கு எட்டாது. அதற்காகத்தான் அமெரிக்க செனட்டர்கள் ஷூமரும் கேசியும் 2012-இல் 30 சதவீத வரி கேட்டு மசோதா கொண்டுவந்தார்கள். நிறைவேறவில்லை.

தேக்காவாசி:
20 லட்சமா! அதில் பாதிகூட இல்லை. அப்படியென்றால் எனக்குக் கவலை இல்லைதானே?

கணக்குப்பிள்ளை:
அவசரப்படாதீர்கள். கடந்த ஐந்து ஆண்டு அமெரிக்க வரி விஷயத்தில் எல்லாம் ஒழுங்கு என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். தர முடியாவிட்டால், கையில் பத்தாயிரம் டாலர் இருந்தாலும் பணக்காரர் பட்டியல்தான். ஒழுங்காகத் தாக்கல் செய்தீர்களா?

தேக்காவாசி:
2021, 2022 இரண்டும் செய்யவில்லை. சம்பளம் விலக்கு வரம்புக்குள்தானே என்று விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
பத்துப் பேரில் நாலு பேர் இதைத்தான் சொல்கிறார்கள். விலக்கு தானாக வராது, தாக்கல் செய்துதான் கேட்க வேண்டும். முதலில் அதை முடியுங்கள்.

டாலஸ் பெரிசு:
பார்த்தீர்களா! சரி, அப்புறம் ஒன்று. சிங்கப்பூர்க் குடிமகன் ஆனால் பையனுக்கு இரண்டு ஆண்டு தேசிய சேவை. வரிக்குப் பயந்து பையனைப் படைக்கு அனுப்புவீர்களா?

தேக்காவாசி:
அண்ணே, பிஆர் குடும்பத்துப் பையன் என்பதால் அவனுக்கு இப்போதே அது உண்டு. நானும் சந்தோஷமாகத்தான் அனுப்பப் போகிறேன். குடியிருக்கும் ஊருக்கு வரியும் கொடுக்கிறேன், பிள்ளையையும் கொடுக்கிறேன். போய் ஏழு ஆண்டான ஊருக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி. இதில் துரோகம் எங்கே வந்தது?

டாலஸ் பெரிசு:
இது நல்ல பதில். பையன் பிறந்தது எங்கே?

தேக்காவாசி:
பிளேனோவில்.

டாலஸ் பெரிசு:
எங்கள் பக்கத்து ஊர்! அப்போது அவன் அமெரிக்கன். நீங்கள் விட்டாலும் அவன் சார்பில் கையெழுத்துப் போட முடியாது. அவன் வளர்ந்து அவனாக முடிவு செய்ய வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் இன்னொரு முடிச்சு. அந்த இரண்டு ஆண்டுத் தாக்கலை முடிக்காமல் குடியுரிமையை விட்டீர்களானால், நாளைக்கு நீங்கள் பையனுக்கு எழுதிவைக்கும் சொத்துக்கு, அமெரிக்கனாகவே இருக்கும் அவன் 40 சதவீதம் வரை கட்ட நேரும்.

ஜூரிச் மாமி:
கடவுளே.

தேக்காவாசி:
ஆடிட்டருக்கு இப்போதே போன் போடுகிறேன். அண்ணனிடம் மட்டும் இந்த இழையைக் காட்ட மாட்டேன்.