மியோத்தோசு: கண்ணெதிரே இருந்தும் நழுவிப்போவது

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்ச நிலையான என்1-க்குப் படிப்பவர்களை மிகவும் அலைக்கழிப்பவை கூட்டு வினைகள்தாம் என்பது என் எண்ணம். ‘பார்’ என்னும் பொருளுடைய ‘மிரு’வோடு, ‘கீழே விழவிடு’ என்னும் பொருளுடைய ‘ஒத்தோசு’ சேர்ந்து பிறப்பது ‘மியோத்தோசு’. அதைக் ‘கவனிக்கத் தவறுதல்’ என்றே மனப்பாடம் செய்திருந்தேன். அச்சொல்லின் கனம் தெரிந்தது ஓர் அலுவலக மின்னஞ்சலில்தான்.

நான் கேட்டிருந்த விளக்கத்துக்குச் சில நாள் கழித்துப் பதில் எழுதிய மூத்த ஊழியர் ஒருவர், ‘மியோத்தோஷிதே ஓரிமஷித்தா’ என்று தொடங்கி மன்னிப்புக் கேட்டிருந்தார். ‘கிசுகிமசென் தேஷித்தா’, அதாவது தெரியாமல் போயிற்று என்று எழுதியிருந்தாலும் செய்தி விளங்கியிருக்கும். ஆனால் அது சாக்குச் சொல்வதுபோல் ஒலிக்கக்கூடும். மியோத்தோசுவிலோ, கடிதம் பார்வைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது, பார்த்திருக்க வேண்டியவர் தாமே என்ற பொறுப்பேற்பு அடங்கியிருக்கிறது. சாலைக் குறியீட்டை ஓட்டுநர் கவனிக்காததையும், மருத்துவப் படத்தில் தெரிந்த புற்றுநோயை மருத்துவர் காணத் தவறியதையும் செய்தித்தாள்கள் இவ்வினையால் குறிப்பது இதனால்தான் பொருந்துகிறது. ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சமிக்ஞையை விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கமும் இத்தகைய நழுவலைத் தடுக்கத்தான். 1994-இல் அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில், இம்முறையால் பிழைகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன.

இதன் உடன்பிறப்பான ‘மினோகாசு’வை எனக்குப் பிரித்துக் காட்டியது பேஸ்பால் வர்ணனை. மட்டையாளர் பந்தைப் பார்த்தும் மட்டையை வீசாமல் நின்று மூன்றாவது ஸ்டிரைக்கில் ஆட்டமிழந்தால், அது ‘மினோகாஷி சன்ஷின்’. பந்து அவர் கண்ணில் பட்டுவிட்டதால் அங்கே மியோத்தோசுவுக்கு இடமில்லை. தப்பவிட்டார் என்பதே பொருள். தெரிந்தே விட்டுவிடுவதற்கும் இவ்வினை உரியது என்பதால், பிடிபட்டவர் ‘இம்முறை விட்டுவிடுங்கள்’ என்று கெஞ்சும்போதும் இதையே சொல்வார். ‘மிசுகோசு’ நம் ‘கண்டும் காணாமல் இருத்தல்’ என்பதற்கு நெருங்கி வரும்; ‘மிசுகோசெனாய்’ என்ற எதிர்மறை வடிவம், இனியும் பொறுத்துப்போக முடியாத விவகாரங்களைப் பற்றிய தலையங்கங்களில் அடிக்கடி தென்படுகிறது.

மூன்றுமே பார்வை சார்ந்தவை என்பதால், கூட்டத்தில் ஒருவர் சொன்னது காதில் விழாமல் போனால் ‘கிகியோத்தோசு’ என்றுதான் சொல்ல வேண்டும்.